தீனிப்பேய்

ஒரு குழந்தை சாப்பிடுவதைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது. சண்டை போடத் தெரியாதவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்க மாட்டேன். அதனால் எழுந்து வெளியே போய்விடுவேன். கல்யாணப் பந்தியிலிருந்துகூட அப்படி எழுந்து போய், கோபக்காரி என்று பேர் வாங்கியிருக்கிறேன். பேர் சரிதான். காரணத்தை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்து அறைகள் ஒரே வரிசையாக இருந்த லயத்தில் ஏழாவது காம்பரா எங்களுடையது. அப்பா செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போவார், அம்மா கொழுந்தெடுக்கப் போவாள். எங்கள் இருவருக்கும் ஒரே எனாமல் தட்டு. விடிவதற்கு முன் அம்மா சுட்ட ரொட்டியில் ஆளுக்கு ஒன்றாக இரண்டை அதில் போட்டு, நடுவில் தேங்காய்ச் சம்பலை வைத்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவாள். சம்பலில் விரலால் கோடு கிழித்துப் பங்கு வைப்பது அக்காவின் வேலை. என் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே விழும்.

ஒரு நாள் கங்காணி வந்து அப்பாவிடம் பேசினார். கொழும்பில் அவருக்குத் தெரிந்த பெரிய வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை வேண்டுமாம். பெரிய வேலை ஒன்றும் இல்லையாம். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்களாம். மூன்று வேளையும் சோறு என்பதை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த வாரமே அக்காவைக் கொட்டகலை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். எப்போது வருவாள் என்று கேட்டதற்கு, சீக்கிரம் வந்துவிடுவாள் என்று அம்மா அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் காலையும் அம்மா தட்டில் இரண்டு ரொட்டி போட்டாள். கைப்பழக்கம். போட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஒன்றைத் திரும்ப எடுக்கப் போன கை பாதியில் நின்றது. அப்போது அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. என் ரொட்டியைத் தின்றேன். பிறகு அக்காவின் ரொட்டியையும் எடுத்துத் தின்றேன். தட்டு காலியானதும் அம்மா மூச்சு விட்டு எழுந்து போனாள். மிச்சம் இல்லாவிட்டால் வீட்டில் ஒன்றும் நடக்காததுபோல் ஆகிவிடும் என்று நானாகக் கண்டுபிடித்தேன்.

ஆரம்பம் அதுதான். அப்புறம் எதைப் பார்த்தாலும் மிச்சமாகவே தெரிந்தது. பானையில் ஒட்டிய சோறு, சம்பல் சட்டி, டின்னில் இருந்த பச்சைக் கோதுமை மா. மாவை அள்ளி வாயில் போட்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், மூச்சு முட்டும். வயிறு வலிக்கும்போதுகூட கை நிற்காது. பசி இல்லை என்று எனக்கே தெரியும். நிறுத்துவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த சித்தப்பாவுக்கு இது வேடிக்கையாகப் போய்விட்டது. சம்பளம் வாங்கிய நாளில் கூட்டாளிகளோடு வந்து எங்கள் காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்காருவார். பஜார் பேக்கரியில் வாங்கிய பணிஸைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டுவார். நான் தின்னத் தின்ன அவர்கள் எண்ணிச் சிரிப்பார்கள். ஆறாவது பணிஸில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

“இவ வயித்துல ஒரு லயமே குடியிருக்குண்ணே,” என்றார் சித்தப்பா. அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

கடைசியில் அடுத்த காம்பராப் பெரியம்மாவின் சோற்றுப் பானைக்குள் கையோடு பிடிபட்டேன். எங்களுக்குச் சொந்தமில்லை, முறைக்குப் பெரியம்மா. அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். மலைத்தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடிக்க வந்த அத்தனை பெண்களிடமும் சொன்னார். ஒரு எட்டு வயதுப் பிள்ளை இவ்வளவு தின்னுமா, இது பிள்ளை தின்கிற தீனியா என்று பேச்சு வந்தது. இரண்டு நாளில் எனக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவாகிவிட்டது. ஒரு லயம் முழுக்க என் வாயைக் கவனித்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை காணாமல் போயிருப்பதை ஒருவரும் பேசவில்லை.

உடுக்கடித்துப் பேய் விரட்டும் கோடாங்கியை அக்கரப்பத்தனையிலிருந்து சித்தப்பாதான் கூட்டி வந்தார். ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுது. வேலை இல்லாத நாளென்பதால் லயமே வாசலில் நின்றது. மஞ்சள் கலந்த பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாக என் தலையில் ஊற்றினார்கள். எங்கள் பக்கத்துக் குளிரும் காற்றும் தெரிந்தவர்களுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று தெரியும். எனக்குப் பல் அடித்துக்கொண்டது, உடம்பு உதறியது.

“வந்துருச்சு,” என்றார் கோடாங்கி. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

உடுக்கு என் காதருகே அதிர்ந்தது. யார் நீ, எங்கிருந்து வந்தாய் என்று அவர் கேட்டார். நான் இந்தக் காம்பராப் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியுமே, எதற்குக் கேட்கிறார் என்று விழித்தேன். வேப்பிலைக் கொத்தால் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு குனிந்து, கொஞ்சம் இதமாகவே கேட்டார்.

“ஏன் இந்தப் புள்ளைய இந்தத் தீனி திங்க வைக்கிற? என்ன வேணும் ஒனக்கு? எதுன்னாலும் கேளு, தர்றோம்.”

அக்கா போன நாளிலிருந்து எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் பேயைக் கேட்டார். எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

“அக்காவக் கூட்டிட்டு வாங்க. அப்பறம் திங்க மாட்டேன்,” என்றேன்.

உடுக்கு நின்றது. கோடாங்கி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியம்மா வேறு எங்கோ பார்த்தார். சித்தப்பா ஒருவர்தான் வாய் திறந்தார்.

“பேய் வெவரமாத்தான் பேசுது.”

கோடாங்கி மறுபடி என் பக்கம் திரும்பியபோது குரலில் அந்த இதம் இல்லை.

“அது ஆகாது. வேற கேளு. கோழி கேளு, சாராயம் கேளு, சுருட்டு கேளு.”

“எனக்குச் சுருட்டு வேணாம்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோடாங்கிக்குக் கோபம் வந்துவிட்டது. வேப்பிலைக் கொத்து ஓயாமல் விழுந்தது. ஈரத் தோலில் ஒவ்வொரு அடியும் உறைத்தது. எத்தனை அடிக்குப் பிறகு என்று தெரியாது, கோழி என்று சொல்லிவிட்டேன்.

“சேவலா, பொட்டையா?”

“சேவல்.”

அப்பாடா என்றது கூட்டம். பேய் வழிக்கு வந்துவிட்டதாம். பெரியம்மா வீட்டுச் சேவலையே வாங்கி அறுத்துக் குழம்பு வைத்தார்கள். பேய்க்கு ஒரு கழுத்துத் துண்டும் கைப்பிடிச் சோறும் முச்சந்தியில் இலை போட்டு வைத்தார்கள். மிச்சச் சேவலைக் கோடாங்கியும் சித்தப்பாவும் சாராயத்தோடு எங்கள் இஸ்தோப்பில் இருந்து தின்றார்கள். எனக்கு மூன்று நாள் கஞ்சி.

பேய் போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதன் பிறகு நான் தின்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்காதபடி தின்னக் கற்றுக்கொண்டேன். விறகு அடுக்கின் பின்னால், கதவு மூலையில், சத்தம் வராமல், மெல்லாமல் விழுங்கினேன். கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்ற பிறகும் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று அப்படித்தான் விழுங்கினேன். எனக்கு மருந்து கொடுத்தவர்கள் எல்லோரும் வாயைக் கட்டு என்றார்கள். நாற்பது வயதுக்கு மேல் ஹட்டனில் ஒரு நர்ஸ் மட்டும், எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அவர் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. தட்டில் போட்டு, உட்கார்ந்து, வீட்டு ஆட்கள் முன்னால் சாப்பிடுங்கள், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, என்றார். முதல் நாள் தட்டோடு எல்லோர் முன்னாலும் போய் உட்கார்ந்தேன். என் கடைசி மகள் தன் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோடாங்கியும் லயத்து ஆட்களும் ஒரு மத்தியானத்தில் செய்த வேலையைச் சரிசெய்ய எனக்கு வருஷக்கணக்கில் ஆனது. வயிறு போதும் என்று சொல்வது இப்போது எனக்குக் கேட்கிறது. எல்லா நாளும் இல்லை.

அக்கா மூன்றாம் வருஷத் தீபாவளிக்கு நாலு நாள் லீவில் வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அவளை ஒரு நாளும் அனுப்பவில்லை. தட்டில் சோறு போட்டால் எல்லோரும் எழுந்த பிறகே தொட்டாள். சுவரைப் பார்த்துக் குந்தி, நாலு வாய் அவசரமாக அள்ளிப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவ ஓடினாள். நல்ல அடக்கமான பிள்ளையாகிவிட்டாள் என்று பெரியம்மா மெச்சினார். அவளுக்கு யாரும் உடுக்கடிக்கவில்லை. தின்னாத பிள்ளைக்குப் பேய் பிடித்ததாக எங்கள் லயத்தில் எவரும் சொன்னதில்லை.

கோடாங்கி பேயை நம்பினார் என்பதற்காக எனக்குக் கோபம் இல்லை. உடுக்கு நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அவர் நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை. வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் பேசுவது யார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் கோழி கேட்கச் சொன்னார்கள்.

எட்டு வயதில் எனக்கு இது விளங்கவில்லை. கூச்சத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டேன், அவர்கள் காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் முழுவதும், அம்மா கொழுந்துக்குப் போன பிறகு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே தனியாக நின்று அதையே உரக்கச் சொல்லிப் பழகினேன். அடுத்த தடவை கேட்கும்போது சரியாகச் சொல்லிவிட வேண்டுமே என்று.