வெள்ளிக்கிழமை மீனும் ஒரு கடல் கவிதையும்

வெள்ளிக்கிழமைகளில் மீன் கேட்டு மனைவியோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவன் நான். அவள் கோயில், விரதம், மரக்கறி. நானோ கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே, அவள் படைத்த மோதகத்தில் முதலாவதை எடுப்பவன். அந்தச் சண்டைதான் எங்கள் காதல் என்று சொன்னாலும் பிழையில்லை.

போன வின்ரர் குளிரில், பக்கத்து நகரமான விட்பியில் இருந்த அவளுடைய தங்கை புற்றுநோயில் போய்விட்டாள். அவளுக்காக என் மனைவி வைக்காத நேர்த்தியில்லை. செத்தவீடு முடிந்து வந்து சாமிப்படங்களைக் கழற்றினாள். அழவில்லை. என்னோடும் பேச்சுக் குறைந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மேசையில் மீன்குழம்பு.

"கேட்டனீங்களெல்லே, சாப்பிடுங்கோ."

வென்றவன் முள்ளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டின் அமைதி தாங்காமல் எங்கள் வோபர்ன் பக்கம் ஒரு நூலகத்தில் இலவச ஆங்கில வகுப்புக்குப் போனேன். அங்கே விக்டோரியா மகாராணி காலத்துக் கவிதை ஒன்று படிப்பித்தார்கள். ஒருவன் காதலியோடு நின்று, வற்றும் கடலின் சத்தத்தைக் கேட்கிறான். மனிதரின் கடவுள் நம்பிக்கையும் அப்படித்தான் வற்றிப்போகிறதாம். ஆகவே நாமிருவராவது ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம் என்கிறான்.

"அதுக்கு அந்தப் பெண் என்ன சொன்னாள்?" என்று ரீச்சரைக் கேட்டேன். பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கவிதையில் அவள் வாயே திறக்கவில்லை.

மறுநாள் வெள்ளி. அவள் சிங்கில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கவிஞனை நம்பிக் களத்தில் இறங்கினேன்.

"இஞ்சை பாருமப்பா, சாமி இல்லாட்டி என்ன? உமக்கு நான் இருக்கிறன்."

"நீங்களோ? உங்கடை பிறஷர் மருந்துக் குளிசையையே நான்தான் எடுத்துத் தரவேணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் கும்பிடேக்கை உங்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டனான். இனி உங்களுக்கு ஒண்டெண்டால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

நான் போய் மேசையில் இருந்தேன். சமைத்து முடித்து அவள் மீன் போட வந்தபோது சோற்றுக் கோப்பையை இழுத்துக்கொண்டேன்.

"எனக்குப் பருப்பு மட்டும் காணும். இண்டைக்கு வெள்ளி."

"விசரோ உங்களுக்கு? ஆரை நினைச்சு விரதம்?"

"தெரியாதப்பா. நீர் விட்டதை நான் பிடிச்சு வைச்சிருக்கிறன். வேணுமெண்டால் கேளும், தாறன்."

அவள் பருப்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, முள் எடுத்து எடுத்துத் தன் மீனைச் சாப்பிட்டாள். எனக்கு வெட்கமில்லாமல் வாயூறியது.

பருப்பில் உப்பே இல்லை. சொல்லத் துணிவு வரவில்லை.