கடன் குறைந்தது என்று நான் வாசித்த ஞாயிறு

மெல்பேர்ணின் ஓரத்து வெரிபீயிலிருந்து புறப்படும் விடிகாலை ரயிலில், காதில் லண்டன் நாடாளுமன்றத்தை மாட்டிக்கொண்டு, நான் சத்தமாகச் சிரித்த அன்றுதான் அந்த எண்ணம் வந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அங்கே மாலை, இங்கே விடியல். முதல்நாள் இதே ரயிலில், பிரெக்சிட் ஒப்பந்தம் வாக்கெடுப்பில் தோற்றதைக் கேட்டிருந்தேன். பிரதமரின் சொந்தக் கட்சிக்காரர்களே வரிசையில் போய் எதிர்த்து வாக்களித்த தோல்வி அது. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து முழங்கி, நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். இன்றைக்கு அந்தத் தீர்மானமும் தோற்றது! நேற்றுப் பிரதமரைக் கவிழ்த்த அதே ஆட்கள் இன்று அவரைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார்கள். ஒப்பந்தம் வேண்டாம், ஆனால் அதைக் கொண்டுவந்தவர் இருக்கட்டும். எதிர்க்கட்சித் தலைவரோ, பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நேரம் பார்ப்பவர்போல உட்கார்ந்துவிட்டார்.

இதைத் தமிழில் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் அரசியல் படித்தவள். வேலை மருத்துவமனை வரவேற்பில். நாள் முழுக்கப் பிறந்த திகதி கேட்கிற வாய்க்கு வேறு ஏதாவது தேவைப்பட்டது. இன்னொரு காரணமும் உண்டு. மெல்பேர்ணில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் லண்டனில் யாராவது இருக்கிறார்கள். அங்கத்தைய நாடாளுமன்றம் என்றால் ஏதோ கடைந்தெடுத்த அறிவாளிகள் கூடும் இடம் என்று இன்னமும் நம்புகிறார்கள். அந்த மரியாதையை உடைக்க எனக்குக் கை துருதுருத்தது.

ஞாயிறு காலையில் சமூக வானொலியில் இரண்டு மணி நேரம் தமிழ் ஒலிபரப்பாகும். அதை நடத்துகிற அங்கிளிடம் போனேன். கேட்டவுடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சர்ச்சை ஒண்டும் வராதோ பிள்ளை?"

"லண்டன் அரசியல்தானே அங்கிள். இஞ்ச ஆர் சண்டைக்கு வரப்போகினம்?"

"அப்ப சரி. எட்டு நிமிசம். 'இலண்டன் மடல்' எண்டு பேர் வைப்பம்."

"நான் லண்டனுக்குப் போனதே இல்லை."

"அது ரேடியோவில தெரியாது. ஆனா ஒண்டு, மரண அறிவித்தலும் நீர்தான் வாசிக்கோணும். இஞ்ச உமக்கு மட்டும்தான் ழ வருது."

அப்படி மரண அறிவித்தலுக்கும் பழைய பாட்டுக்கும் இடையில் எனக்கு எட்டு நிமிடம் கிடைத்தது. அறிவித்தல்கள் முடிந்ததும் 'திருத்தங்கள்' என்று ஒரு சின்னப் பகுதி வரும். போன வாரம் மருமகனின் பெயர் விடுபட்டது, சுதுமலை என்ற ஊர் சுன்னாகம் என்று வாசிக்கப்பட்டது, இப்படி. அந்த ஒலிபரப்பில் பிழையை ஒத்துக்கொள்வதற்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

எட்டு நிமிடத்தையும் ஏளனத்தால் நிரப்பினேன். ஆளுங்கட்சியை, மூன்று வருடமாக வாசலில் நின்று 'போட்டு வாறன்' சொல்லிக்கொண்டே செருப்புத் தேடுகிற விருந்தாளி என்றேன். எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றி இன்னும் உற்சாகமாகப் பேசினேன். வெளியேறுவதா இருப்பதா என்று கேட்டால் மனுசன் ஆஸ்பத்திரிகளைப் பற்றிச் சொல்வார். ஆஸ்பத்திரிகளைப் பற்றிக் கேட்டால் ரயில்களைப் பற்றிச் சொல்வார். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்து, கடைசியில் சாப்பாட்டுப் பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கிற ஆள். இங்கே அவுஸ்திரேலியாவில் கட்சிகள் தங்கள் பிரதமரைத் தாங்களே கழற்றிப் போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்குக்கூட, ஒரு நாள் கவிழ்த்து மறுநாள் நிமிர்த்துவது புதிதாக இருந்தது. இங்கே குத்துகிறவர்களுக்காவது கை நடுங்காது.

என் முதல் ரசிகர், இணையத்தில் கேட்கிற லண்டன் மாமா. அம்மாவின் தம்பி. கடவுச்சீட்டில்லாமல் போய் இறங்கி, அகதி என்று எழுதிக் கொடுத்து, இன்று இரண்டு கடை வைத்திருப்பவர். பிரெக்சிட்டுக்கு ஆதரவாக வாக்களித்தவர்.

"ஆக்கள் கூடிப்போச்சு பிள்ளை. கதவைப் பூட்டத்தான் வேணும்."

"நீங்கள் வரேக்க கதவு திறந்தா மாமா கிடந்தது?"

"நான் வந்தது வேற, இவங்கள் வாறது வேற."

எப்படி வேறு என்று நான் கேட்டால் அவருக்குக் கடையில் வாடிக்கையாளர் வந்துவிடுவார்.

சில மாதங்களுக்குப் பிறகுதான் அந்த ஞாயிறு. பிரித்தானிய அரசின் கடன் வாங்கல் பற்றி ஒரு செய்தி. சனிக்கிழமை அவசரமாகப் படித்து, அவசரமாக எழுதி, மறுநாள் கணீரென்று வாசித்தேன்: "பிரித்தானிய அரசின் கடன் குறைந்துள்ளது." ழ இல்லாத வாக்கியம். ஆனாலும் அழகாகத்தான் வாசித்தேன்.

விசயம் இதுதான். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொற்கள் உண்டு. இந்த வருடம் புதிதாக வாங்குவதற்கு ஒன்று, வாங்கி வாங்கிச் சேர்ந்து கிடப்பதற்கு இன்னொன்று. குறைந்தது முதலாவது. இரண்டாவது ஏறிக்கொண்டே இருந்தது, முன்னைவிட மெதுவாக. நாங்கள் தமிழில் இரண்டையும் கடன் என்றே சொல்கிறோம். நான் அந்தச் சொல்லைப் போட்டேன், ஏறுகிற ஒன்று என் வாயில் இறங்கிவிட்டது.

எனக்கு அது தெரியவில்லை. தெரிந்தது, மூன்று வாரம் கழித்து, மறுபடி ரயிலில். லண்டனில் தேர்தல் வரப்போகிற சூடு. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, நாங்கள் கடனைக் குறைத்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். புதிதாக வாங்குவதைக் குறைத்துவிட்டு, மொத்தமே குறைந்ததாகக் காட்டுகிற பழைய வித்தை. ஆங்கிலத்தில் கேட்டதும் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. பிடியுங்கள், பிடியுங்கள் என்று எதிர்க்கட்சி வரிசைக்காகக் காத்திருந்தேன். ஒருவரும் பிடிக்கவில்லை. தலைவர் கையிலிருந்த கடதாசியைப் பார்த்து அடுத்த கேள்விக்குப் போனார். "இதுகூட விளங்காத மொக்குக் கூட்டம்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் என் சொந்தக் குரல் காதில் கேட்டது. கடன் குறைந்துள்ளது. கைபேசியில் அந்த வாரத்து எழுத்தைத் தேடி எடுத்தேன். அப்படியேதான் இருந்தது. அந்த உறுப்பினராவது தெரிந்து பொய் சொன்னார். நான் இலவசமாகச் சொல்லியிருந்தேன்.

அன்று மாலை மாமாவே அழைத்தார், வெகு சந்தோசமாக.

"உன்ர குரலை வெட்டி எங்கட வட்ஸ்அப் குறூப் எல்லாத்துக்கும் அனுப்பினனான். அவுஸ்திரேலியா ரேடியோவே சொல்லிப்போட்டுது, கடன் குறைஞ்சிட்டுதாம். இனி ஆர் எதிர்க்கட்சிக்குப் போடுறது?"

"மாமா, அது பிழை. நான் பிழையா வாசிச்சிட்டன்."

"என்ன பிழை? நல்ல தெளிவாத்தானே சொன்னனீ."

"போன வருசம் நீங்கள் பத்துக் கிலோ ஏறினீங்கள். இந்த வருசம் அஞ்சு கிலோ ஏறினீங்கள். மெலிஞ்சிட்டன் எண்டு சொல்லுவீங்களோ?"

"டொக்டரிட்ட அப்பிடித்தான் சொன்னனான்" என்றார்.

"அப்ப அந்தக் குறூப்பில பிழையெண்டு போட்டுவிடுங்கோ."

"நீ ரேடியோவில சொல்லு, நான் அதையும் வெட்டிப் போடுறன். சொல்லாததை நான் எப்பிடிப் போடுறது?"

நியாயமான கேள்வி. மாமாவிடமிருந்து வந்ததுதான் எரிச்சல். என் குரலைக் கேட்டு யாரோ முன்பின் தெரியாத ஒரு லண்டன் தமிழர் வாக்குப் போடப்போகிறார், அதுவும் நான் இல்லாததைச் சொன்னதற்காக. அரசியல்வாதிகளைக் கிழிப்பதற்கென்று எட்டு நிமிடம் கேட்டு வாங்கிய நான், அவர்களுக்குத் தமிழ்க் கிளை திறந்துவிட்டிருந்தேன்.

அங்கிளிடம் போனேன்.

"திருத்தமோ? செய்திக்கோ?" அவர் கதிரையைப் பின்னால் தள்ளினார். "இஞ்ச மரண அறிவித்தலுக்கு மட்டும்தான் திருத்தம். செய்தியில பிழை எண்டு சொல்லத் தொடங்கினா, மிச்சமும் பிழையோ எண்டு கேப்பினம்."

"கேக்கட்டும். அது நல்லதுதானே."

"உமக்கு நல்லது. எனக்கு ரெலிபோன் வரும். விட்டுட்டு அடுத்த வாரத்தைப் பாரும். இல்லையெண்டால் மடலை நிப்பாட்டுவம், சமையல் குறிப்புக்கு ஆக்கள் நிக்கினம்."

மடலை இழக்க எனக்கு விருப்பமில்லை. சும்மா சொல்லவில்லை, அந்த எட்டு நிமிடம்தான் வாரத்தில் நான் நானாக இருந்த நேரம். ஆனால் பிழையை விழுங்கிவிட்டு மறுபடி எதிர்க்கட்சித் தலைவரை எப்படி ஏளனம் செய்வது? அவரும் இப்படித்தானே, பேச வேண்டிய இடத்தில் கடதாசியைப் பார்க்கிறார்.

கடந்த ஞாயிறு மடலின் நடுவில் ஆரம்பித்தேன். "சில வாரங்களுக்கு முன் இந்த நிகழ்ச்சியில், பிரித்தானிய அரசின் கடன்..." ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பலகையில் அங்கிளின் கை நகர்வது தெரிந்தது. என் குரல் தண்ணீரில் இறங்குவதுபோல இறங்கியது. அதன்மேல் நாதஸ்வரம் ஏறியது.

வெளியே வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல, "தேத்தண்ணி குடிக்கிறீரோ?" என்றார். ஓம் என்று வாங்கிக் குடித்தேன். அடுத்த வாரம் வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? ழ வருகிற வேறு ஆள் இல்லையே.

வீட்டுக்கு வரும் வழியில் அது உறைத்தது. மரண அறிவித்தலின்போது அங்கிள் ஒலிப்பலகையைத் தொட்டதே இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, தலை குனிந்து இருப்பார். திருத்தங்கள் முடியும்வரை அப்படித்தான். அங்கே பாட்டுப் போட்டால் துக்க வீட்டுக்காரர் வாழ்நாளுக்கும் மன்னிக்கமாட்டார்கள்.

வரும் ஞாயிறு துக்கச் செய்திகளை ஒழுங்காக, ஒரு பெயரும் தவறாமல் வாசிப்பேன். அவர்களுக்குரிய மௌனத்தையும் விடுவேன். பிறகு திருத்தங்கள். முதலாவது ஒரு பேரனின் பெயர். இரண்டாவது என்னுடையது, அதே குரலில், ஒரே மூச்சில்: "பிரித்தானிய அரசின் கடன் குறைந்ததாக இங்கே வாசிக்கப்பட்டது தவறு. குறைந்தது இவ்வருடப் புதுக்கடன் மட்டுமே. மொத்தக் கடன் ஏறியுள்ளது." வீட்டில் நேரம் பார்த்து வாசித்துப் பார்த்தேன். பத்து விநாடிக்குள் முடிகிறது. அங்கிள் தலை நிமிர்வதற்குள் சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன். மாமாவுக்கு, வெட்டுவதற்குக் கத்தரியோடு இருக்கச் சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.