பன்னீர் தெளித்த பார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. திருஷ்டி கழித்து ரோட்டில் போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து ஜூஸ் போட்டுக் குடித்தவன் நான், அதற்காக என் மனைவி என்னோடு பேசாமல் இருந்ததும் உண்டு. நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை. நண்பன் குமரேசன் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் மினி லாரி ஓட்டுகிறான். எங்கள் இருவருக்கும் ஒரு கிறுக்கு, சாதாரண பாரில் உட்கார மாட்டோம். பாழடைந்த கட்டடத்தில் எங்காவது பார் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவோம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் மூடிப்போன ரைஸ்மில்லில் துருப்பிடித்த மெஷின் மேல் தட்டை வைத்துக்கொண்டு சுண்டல் தின்றிருக்கிறோம்.

அப்படித்தான் ஊருக்குள்ளேயே மூடிக்கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தில் பார் வந்திருப்பது தெரிந்தது. குமரேசனுக்கு அப்போதுதான் ரிஷிவந்தியத்தில் பெண் முடிவாகியிருந்தது. அவன் அம்மா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையாத ஊர் இல்லை, டிரைவருக்குப் பெண் இல்லை என்று எல்லோரும் கைவிரித்த பிறகு கிடைத்த இடம், அந்தம்மா தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வுடப் போறாங்க, வாடா" என்று அவன்தான் என்னை இழுத்துப் போனான்.

நல்ல பட்டப்பகல். மண்டப வாசலில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா மேசை போட்டு அதில் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும் வைத்து நின்றிருந்தார். எங்கள் மேல் பன்னீர் தெளித்தார். அடடா, என்னமாய் யோசித்திருக்கிறார்கள், இதற்கே தினம் வரலாம் என்று எனக்கு ஒரே குஷி.

"வாங்க வாங்க, மாப்ள வூடா, பொண்ணு வூடா?" என்றார்.

"நான் பொண்ணு வூடுங்க" என்றேன் விளையாட்டாக. குமரேசன் சும்மா இருப்பானா, "மாப்ளயே நாந்தாங்க" என்றான்.

அந்தம்மா சிரிக்கவில்லை. சந்தனத்தை எடுத்து அவன் நெற்றியில் வைத்துவிட்டு, "இவ்ளோ லேட்டாவா வர்றது? பொண்ணு எப்பவோ ரெடியாகி ஒக்காந்துகினு கீது" என்றார்.

உள்ளே பந்தி மேசைகளில்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். குமரேசன் கிளாஸைத் தொடவே இல்லை. உட்காருவான், எழுந்திருப்பான், திரும்பித் திரும்பிப் பார்ப்பான். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவன் வரவில்லை. போய்ப் பார்த்தால் 'மணமகள் அறை' என்று எழுதிய கதவுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறான். கதவு பூட்டியிருக்கிறது, நெஞ்சுயரத்துக்கு பீர் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், இவன் அந்தப் பக்கம் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருக்கிறான்.

"இன்னாடா பண்ணிகினு கீற?"

"கூப்புட்டாங்க" என்றான்.

அவன் கையைப் பிடித்தேன். தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் மேசையும் இல்லை, அந்தம்மாவும் இல்லை, பைக்குகள்தான் நின்றன. பார்க்காரரிடம் கேட்டேன். "இன்னாண்ணா, அதுக்குள்ள ஏறிடுச்சா? இங்க எந்தப் பொம்பள வந்து நிக்கும்?" என்று சிரித்தவர், குமரேசனின் நெற்றியில் ஈரம் காயாத சந்தனத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். என் சட்டையில் பன்னீர் வாசனை அப்படியே இருந்தது.

அந்த வாரமே அவன் கல்யாணத்தை நிறுத்திவிட்டான். "எனக்குத்தான் ஆயிடுச்சேம்மா" என்றான், அவ்வளவுதான், வேறு சண்டை இல்லை, சத்தம் இல்லை. ரிஷிவந்தியத்துக்காரர்கள் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார்கள், அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை கொடுத்தார். மண்டபத்தில் ஏதாவது பெண் செத்த கதை இருக்கும் என்று நினைப்பீர்கள், நானும் விசாரிக்காத ஆள் இல்லை, அப்படி ஒன்றுமே நடக்கவில்லை, ஏசி மண்டபங்கள் வந்ததும் கூட்டம் குறைந்து மூடினார்களாம். இவனோ லாரி ஓட்டுகிறான், மலைக்குப் போகிறான் வருகிறான், கணக்கு வழக்கில் பிசகு இல்லை. என்னிடம் மட்டும் ஒருநாள், "நீ பொண்ணு வூட்டுக்காரன், ஒரு வார்த்த வந்து விசாரிக்க மாட்டியா?" என்று கோபித்துக்கொண்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வாரம் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அவன் அம்மா எங்கள் இருவருக்கும் இலை போட்டுவிட்டு, அவன் பக்கத்தில் இன்னொரு இலையும் போட்டுச் சோறு வைத்தார். "போடலன்னா இவன் சாப்ட மாட்டன்றாம்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். டயர் விலையைப் பேசிக்கொண்டே சாப்பிட்டோம். தண்ணீர் குடிக்க அண்ணாந்தேன், சொம்பைக் கீழே வைக்கும்போது அந்த இலை மடித்திருந்தது. நம்பினால் நம்புங்கள், குமரேசனின் கை அவன் இலையில் சோறு பிசைந்தபடிதான் இருந்தது. திருப்தியாகச் சாப்பிட்டவர்கள் விருந்தில் மடிப்பார்களே, தன் பக்கமாக, அப்படி மடித்திருந்தது.

ரசத்தோடு வந்த அவன் அம்மா அந்த இலையைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். குனிந்து, வலிக்காமல் எடுப்பது போல அதை எடுத்துக்கொண்டார்.

"நம்ம வூடு புடிச்சிப்போச்சு போலக்கீது, இல்லப்பா?" என்றார் என்னிடம், மெதுவாக. அவர் முகத்தில் பயமே இல்லை.