ஈஸ்டுக்கு ஊற்றிய சாப்பாடு

சண்டைக் காலத்தில் நான் மட்டக்களப்பில் ஓர் உயிரியல் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றிருந்தது. குப்பி கழுவுவதும், பாவித்த தட்டுகளைப் பிரஷர் குக்கரில் அவித்துக் கிருமி கொல்வதும் என் வேலை. யாரோடும் அதிகம் பேசமாட்டேன்.

அங்கே மண்டூரைச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் மிஸ். அவருடைய அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். சட்டைப் பொத்தானைப் பூட்டக் கைநடுக்கம் விடாது. மிஸ்ஸின் ஆராய்ச்சியும் அதை ஒட்டியதுதான். உடம்பின் ஒவ்வொரு கலமும் தனக்குள் பழுதானதைத் தானே தின்று துப்புரவாக்கிக்கொள்கிறதாம். பசித்தால் இன்னும் மும்முரமாகத் தின்னுமாம். மூளைக் கலங்களில் அந்தத் துப்புரவு தடைப்பட்டுக் குப்பை சேர்வது இந்த நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பார். பாண் மா புளிக்கப் போடும் ஈஸ்டிலும் இதே வேலை நடப்பதால், வசதியில்லாத எங்கள் கூடத்தில் அதை வைத்துப் பார்த்தார்.

அந்த ஈஸ்ட் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. தின்றதைச் செரிக்கமாட்டாத வகை. பட்டினி போட்டால், தின்றதெல்லாம் அதன் உள்ளிருக்கும் பையில் மணிமணியாகத் தேங்கி நுணுக்குக்காட்டியில் தெரிய வேண்டும். வழியில் கெட்டிருந்தால் தெரியாது. கெட்டிருந்தால் ஆராய்ச்சியும் அதோடு முடிந்தது. இன்னொரு பொதி அந்த நாட்களில் வந்து சேராது.

ஒரு நாள் காலை மிஸ் அதைச் சத்தில்லாத திரவத்தில் போட்டு, நாலு மணித்தியாலம் அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அப்பாவின் மருந்துக் குளிசை வாங்க டவுனுக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் காவலாளி வந்து றோட்டைப் பூட்டிவிட்டார்கள் என்றார். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நான் குப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வருடம் வாவி கடந்து ஓடிவந்த சனம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. பசித்து வந்தவரிடம் ஊர் பேர் கேட்பதற்கு முன்பே கஞ்சி கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்போம். போத்தலில் மிச்சமிருந்த ஈஸ்டின் சாப்பாட்டுத் திரவத்தை எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் குப்பிக்குள் விட்டேன்.

மூன்றாம் நாள்தான் மிஸ் வந்தார். நெடுநேரம் நுணுக்குக்காட்டியில் குனிந்திருந்தார். ஒரு மணியும் இல்லை. ஈஸ்ட் வழியில் கெட்டுவிட்டதாகக் கொப்பியில் எழுதினார். குப்பியையும் குளிர்சாதனப்பெட்டியில் அந்த ஈஸ்ட் வளர்ந்திருந்த மிச்சத் தட்டுகளையும் என்னிடம் தந்து, அவித்துவிடச் சொன்னார்.

குக்கரில் அடுக்கினேன். மூடியைக் கையில் எடுத்தேன். திருக மனம் வரவில்லை. தட்டுகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"மிஸ், நான் அதுக்குச் சாப்பாடு போட்டுட்டன்."

"எதுக்கு?"

"ஈஸ்டுக்கு. நீங்க வர நாளாகும் எண்டு நினைச்சன். பாவமாக் கிடந்திச்சு."

"எப்ப போட்டீங்க?"

"றோட்டுப் பூட்டினது எண்டு கேட்டவுடன."

"தட்டெல்லாம் அவிச்சாச்சா?"

"இல்ல மிஸ். வெளியில எடுத்து வெச்சிருக்கன்."

அவர் கதிரையில் சாய்ந்து மூச்சு விட்டார். மறுகணம் சிரிப்பு வந்துவிட்டது. "ஈஸ்டுக்குக் கஞ்சி ஊத்தின ஆள் உலகத்தில நீங்க ஒராள்தான் அண்ணன்." பிறகு கொப்பியில் எழுதியதை ஒரு கோடு இழுத்து வெட்டிவிட்டு, "நீங்க சொல்லாம விட்டிருந்தா நான் பொய்யத்தான் எழுதி வெச்சிருப்பன்" என்றார்.

அடுத்த கிழமை இரண்டு குப்பி வைத்தார். ஒன்று பட்டினி, மற்றது சாப்பாட்டோடு. எது எதுவென்று தெரியாமலிருக்க, நுணுக்குக்காட்டியில் வைக்கும் கண்ணாடித் தட்டுகளின் பெயரைப் பிளாஸ்டர் ஒட்டி மறைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார். தான் பார்த்தால் ஆசைப்பட்டதுதான் கண்ணில் படும் என்றார்.

ஒன்றில் வெறும் உருண்டைகள். மற்றதில், உருண்டைக்குள் இருந்த பையில் சின்னச் சின்ன மணிகள் ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. இதில் இருக்கிறது, அதில் இல்லை என்றேன். மிஸ் பிளாஸ்டரை உரித்தார். பட்டினி கிடந்ததில்தான் மணிகள்.

மிஸ் செய்தியைத் தன் வீட்டில் சொன்னபோது, அப்படியென்றால் மருந்து வந்துவிட்டதா என்று அப்பா கேட்டாராம். இன்னும் இல்லை, ஆனால் எங்கே தேடுவது என்று தெரிகிறது என்று இவர் சொன்னாராம். அதற்கு அவர், "அப்ப தேடுங்க மகள், நான் எங்க போகப் போறன்" என்றாராம்.