முதுகில் இரண்டு தட்டு

தன்னை ஊரே தலைக்கனம் பிடித்தவன் என்று பேசுகிறது என்பதில் அருள்நாதனுக்கு உள்ளூர ஒரு திருப்தி. கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கல்யாணம், திருவிழா எதிலும் தலைகாட்ட மாட்டார். பாலக்கரையில் இருந்த அவருடைய பட்டறைக்கு யார் வந்தாலும் நிமிர்ந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். வேலை பேசுவதெல்லாம் மனைவி ரோசரிதான். விஷயம் என்னவென்றால் மனிதருக்குக் காது கேட்காது. செவிடன் என்று தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? அதற்குத் திமிர் பிடித்தவன் என்ற பேர் எவ்வளவோ மேல் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, அந்தத் திமிரைப் பதின்மூன்று வருஷம் கட்டிக் காத்தார்.

காது போனது பாய்லர் வேலையில். வெளியிலிருந்து ஒருவர் ரிவெட்டைச் சம்மட்டியால் அடிக்கும்போது, பாய்லருக்குள் குந்தியபடி இன்னொருவர் இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும். இருபது வயதில் உள்ளே குந்தியவர் அருள்நாதன். முதலில் சாயங்காலமானால் காதில் ஒரு இரைச்சல் இருக்கும். பிறகு அது காலையிலும் இருந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், யாரும் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் அவரே வேலையை விட்டுவிட்டுச் சொந்தப் பட்டறை போட்டார்.

தண்ணீர்த் தொட்டி, கொப்பரை, இரும்புப் படகு என்று ரிவெட் அடித்த சாமான்களெல்லாம் அவரிடம் வரும். இந்த வேலையில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல இடம், மொத்தென்று கேட்டால் கெட்ட இடம். அருள்நாதன் தட்டுவார். பின்னால் ஒரு முக்காலியில், ஜெபமாலை உருட்டுகிற பாவனையில், ரோசரி உட்கார்ந்திருப்பாள். நல்ல இடமென்றால் அவர் முதுகில் விரலால் ஒரு தட்டு. கெட்ட இடமென்றால் இரண்டு. சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம்கூட அந்த விரல் அலுக்காமல் தட்டும். புருஷனுக்கு முதுகில் ஈ ஓட்டுகிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் ஏற்பாடு.

வருகிறவர்கள் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து பேசினார்கள். உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர் ஒருவர், கொப்பரையில் என்ன பழுது என்பதைக் காகிதத்தில் எழுதியே நீட்டினார். எல்லாம் தன் கைவேலைக்குக் கிடைக்கிற மரியாதை என்றுதான் அருள்நாதன் எடுத்துக்கொண்டார்.

அறுபத்து ஒன்றில் முக்கொம்பில் ஒரு பழைய இரும்புப் படகை அடியோடு பிரித்துச் சரிசெய்கிற வேலை வந்தது. ஐந்து நாள் வேலை. கிளம்புகிற அன்று முசிறியிலிருந்து ரோசரியின் அண்ணன் ஆள் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு முடியவில்லை, மகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று சேதி.

"நாலு நாள் போயிட்டு வந்துடறேங்க," என்றாள் ரோசரி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்தி.

"நீ போயிட்டா யாரு கேட்டுச் சொல்றது?"

"அங்க யாரையாவது கூட வச்சுக்கிட்டா..."

"வச்சுக்கிட்டு? நான் செவிடன்னு நானே தண்டோரா போடவா?"

ரோசரி வந்த ஆளைத் திருப்பி அனுப்பினாள். இரண்டு பேருக்குமான சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அவரோடு முக்கொம்பு பஸ்ஸில் ஏறினாள். நான்காம் நாள் அம்மா போய்விட்டாள். சேதி வந்து இவர்கள் முசிறி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மண்கூடக் காய்ந்திருந்தது. ரோசரி அந்த மண்ணைக் கையால் ஒருமுறை நிரவிவிட்டு எழுந்தாள். மறுநாள் பட்டறையில் முக்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல முதுகில் தட்டினாள்.

அருள்நாதன் கல் நெஞ்சக்காரர் அல்ல. அந்த மண்ணை அவள் நிரவியது அவருக்குச் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் ஞாபகம் வந்தது. ஆனால் வேறு வழி இல்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். அவள் ஒருத்திதானே காது. வேறு வழி இருந்து தடுத்திருந்தால் அல்லவா பாவம்? இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் காலத்தை ஓட்டினார்.

அறுபத்து ஐந்தில், தவக்காலத்தில், மஞ்சள் காமாலை கண்டு ரோசரி பதினேழே நாளில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அருள்நாதன் தட்டிப் பார்க்கிற வேலையைத் தொடவில்லை. வாளிக்கு அடி மாற்றுவது, இரும்புப் பெட்டிக்குக் கைப்பிடி போடுவது என்று கண்ணால் செய்கிற வேலையாகப் பார்த்து வாங்கினார். பட்டறை வாசலில் யார் நிழல் விழுந்தாலும் வேலையில் குனிந்துகொண்டார். முக்காலியை மட்டும் இடம் மாற்றவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, முக்கொம்பில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கையன் ஒரு சீட்டோடு வந்து முன்னால் நின்றான். அங்கே ஒரு கம்பெனி மேனேஜர் புதிதாக ஒரு படகு வாங்கி வைத்திருந்தார். மரமும் இல்லை, இரும்பும் இல்லை. கண்ணாடி நாரில் பிசின் ஊற்றிச் செய்த விளையாட்டுப் படகு, ஃபைபர் என்று சீட்டில் எழுதியிருந்தது. அவருடைய பிள்ளைகள் தண்ணீரிலிருந்து ஏறுவதற்காகப் பின்பக்கம் ஓர் ஏணி பொருத்தியிருந்தார்கள். அது ஆட்டம் காண்கிறது, படகுக்குள் தண்ணீரும் கசிகிறது. மறுக்கத்தான் நினைத்தார். ரோசரி இல்லாவிட்டால் அருள்நாதனுக்குத் தொழில் தெரியாது என்று ஆகிவிடுமே என்ற ரோஷத்தில், மறுநாளே வருவதாகத் தலையாட்டிவிட்டார்.

முக்கொம்பில் படகைக் கரையேற்றிக் கொட்டகையில் கட்டைகள்மேல் நிறுத்தியிருந்தார்கள். அவரும் தங்கையனும் மட்டும்தான். ஏணியைப் பார்த்ததுமே அருள்நாதனுக்கு எரிச்சல் வந்தது. எவனோ ஒரு புண்ணியவான் நான்கு போல்ட்டையும் வெறுமனே சொருகி, உள்ளே தகடு கொடுக்காமல், வாஷர்கூடப் போடாமல், இரும்பை முறுக்குகிற மாதிரி முறுக்கித் தள்ளியிருந்தான். ஃபைபர் ஓடு நசுங்கி ஓட்டையைச் சுற்றி விண்டிருந்தது. அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளும் வெளியுமான இரண்டு ஓட்டுக்கும் நடுவில் வைத்திருந்த பலகையை ஊற வைத்திருக்கும். எவ்வளவு தூரம் ஊறியது என்று தெரிந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல இடத்தில் ஏணியை மாட்டலாம். தெரியாமல் மாட்டினால் ஒருநாள் ஏணி குழந்தையோடு பிய்த்துக்கொண்டு வரும்.

அதைச் சத்தம்தான் சொல்ல வேண்டும்.

சுத்தியலை எடுத்துத் தட்டினார். இடது உள்ளங்கையைப் படகில் வைத்து அதிர்வைப் பிடிக்கப் பார்த்தார். இரும்பு என்றால் கொஞ்சம் தெரியும். இந்தப் பொருள் எதையும் சொல்லவில்லை. இன்னோர் இடத்தில் தட்டினார். ஒன்றும் இல்லை. தங்கையன் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று, எல்லாம் தெரிந்ததுபோல் தலையை ஆட்டிக்கொண்டு, சாக்கட்டியால் குத்துமதிப்பாக ஒரு கோடு போடக் குனிந்தார்.

முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

அருள்நாதன் சாக்கட்டியைக் கீழே வைத்தார். திரும்பிப் பார்க்காமல், சுத்தியலை ஒரு சாண் தள்ளித் தட்டினார். மறுபடி இரண்டு. இன்னும் நான்கு விரல் தள்ளித் தட்டினார். ஒன்று.

திரும்பினார். தங்கையன் விரலை எடுக்காமல் நின்றிருந்தான்.

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

தங்கையன் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்தான். மெதுவாகப் பேசினான். "ரோசரி அக்காதான் மேஸ்திரி."

"எனக்குக் காது..."

"தெரியுங்க. எல்லாருக்கும் தெரியும். அக்கா சொல்லிட்டுத்தான் வேலை வாங்குவாங்க. அவருக்கு நேரா நின்னு பேசுங்க, உங்களுக்குத் தெரியும்னு அவருக்கு மட்டும் தெரிய வேணாம், மனசு ஒடஞ்சு போயிருவாருன்னு சொல்லுவாங்க."

அருள்நாதன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகத்துக்கு நேரே வந்து நின்றவர்கள், காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர், எல்லாரும் வரிசையாக ஞாபகம் வந்தார்கள்.

"எப்ப சொல்லிக் குடுத்தா?"

"அந்த இரும்புப் படகு வேலைக்கு வந்தீங்களே, மொத நாளு. நீங்க ஆத்துல கை கழுவப் போனப்ப. அம்மாவப் பாக்க முசிறி போகணும், எனக்குப் பதிலா நீ நிக்கறியான்னு கேட்டாங்க. சரின்னேன். அவர்கிட்ட எப்படியாச்சும் சொல்லிட்டுக் கண்ணக் காட்டறேன், வந்து நில்லுன்னாங்க." தங்கையன் தரையைப் பார்த்தான், பிறகு, அவருக்கு உதடு தெரிய வேண்டுமே என்று முகத்தை நிமிர்த்தினான். "நாலு நாளும் இந்தக் கொட்டகைலதான் இருந்தேன் மேஸ்திரி. அவங்க கண்ணக் காட்டவே இல்ல."

வேறு வழி இருந்திருக்கிறது. நான்கு நாளும் பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறது. அவருடைய திமிர் ஒடிந்துவிடக் கூடாது என்று பெற்ற தாயை விட்டுக்கொடுத்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள் அந்தப் பெண். அருள்நாதன் அழுதார். தான் எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. தங்கையன் கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

வேலையை அவர் பாதியில் விடவில்லை. ஊறிய பலகையை உட்பக்கமாக வெட்டி எடுத்துக் காய வைத்து, அடுத்த வாரம் வந்து தேக்குத் துண்டு பதித்து, படகோடு வந்திருந்த பிசினைப் பூசி அடைத்தார். ஏணியை நல்ல இடத்துக்கு மாற்றி, பின்னால் அகலமான பித்தளைத் தகடு கொடுத்து, போல்ட்டுகளைப் பதமாக முறுக்கினார். கடைசியாகச் சுற்றிலும் தட்டினார். ஒவ்வொரு தடவையும் முதுகில் ஒன்றுதான் விழுந்தது. தங்கையன் ஏணியில் ஏறி நின்று குதித்துக் காட்டினான்.

வேலை முடிந்து டவுனில் இறங்கியவர் பாலக்கரைக்குப் போகவில்லை. எதிரே நின்ற முசிறி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரிகிற இடத்தில் கண்டக்டர் வந்து தோளைத் தொட்டு ஏதோ கேட்டார்.

"எனக்குக் காது கேக்காதுங்க," என்றார் அருள்நாதன். அதை வெளியாள் ஒருவரிடம் அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "முசிறிக்குப் போகணும்."

எத்தனை டிக்கெட் என்று கண்டக்டர் ஒரு விரலையும் பிறகு இரண்டு விரலையும் காட்டினார். அருள்நாதன் பக்கத்து இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார்.