பின்வரிசையில் நின்ற கார்ல்

1984 பெப்ரவரி 10, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. பனியும் மழையும் கலந்து கொட்டிய அந்த நேரத்தில், கார்ல்ஸ்ரூஹேக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரின் கல்லறைத் தோட்டமான சவக்காலையில் எழுந்த நனைந்த கம்பளி மேலங்கிகளின் நாற்றம் இன்றும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. எனக்குப் பதினான்கு வயது. எங்களிடம் காசு வாங்காமல் முடிவெட்டிய ஓட்டோவின் அடக்கத்துக்கு, அகதிகள் விடுதியிலிருந்து சித்தப்பாவோடு ஏழு பேர் போயிருந்தோம்.

ஓட்டோவும் கார்லும் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே சலூனை நடத்தி, அதன் மேல்மாடியில் ஒன்றாகக் குடியிருந்தவர்கள். இரண்டு ஆண்கள் ஒரு வீட்டில் இருந்தால் அண்ணன் தம்பிதானே என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஊருக்கு உண்மை தெரியும். தெரிந்ததனால்தான், ஓட்டோவை எட்டியும் பார்த்திராத அவருடைய அக்கா மகனின் கையை எல்லாரும் வரிசையில் நின்று குலுக்கினார்கள். கார்லோ, குழாய் திருத்த வந்தவரைப்போலப் பின்வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தார்.

"கூடப்பிறந்தவர் அங்கை நிக்கிறார், நாங்கள் ஆருக்குக் கை குடுக்கிறது?" என்றார் சித்தப்பா. வரிசையை விட்டு விலகிப் போய், யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டில் செய்வதுபோலக் கார்லின் இரண்டு கைகளையும் பொத்திப் பிடித்தார். பின்னால் நாங்கள் ஆறு பேரும் பிடித்தோம். கார்ல் அப்போதுதான் அழுதார். ஊர் குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டது.

விசயம் தெரியவந்ததும் நம்மவர்களும் இளைத்தவர்களாக இல்லை. "சீ, அவன்ரை கையையெல்லோ பிடிச்சனாங்கள்" என்று ஒருவன் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். "வடிவாக் கழுவு. தலைமயிரையும் கழட்டிக் குடு, அதுவும் ஓட்டோ வெட்டினதுதான்" என்றார் சித்தப்பா.

இங்கே கல்லறை நிலமும் வாடகைக்குத்தான். அக்கா மகன் கைவிட்ட இடத்தைக் கார்ல் பொறுப்பேற்றார். பதினாறு ஆண்டுகள் கழித்து அவரும் அதிலேயே அடக்கமானார்.

சலூன் இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசிக் கடை. சென்ற ஆண்டு நகரசபை வானவில் கொடி ஏற்றி, ஊரின் மறைக்கப்பட்ட காதல்களுக்குக் கண்காட்சி வைத்தது. வாசலிலே அவர்கள் இருவரின் ஆளுயரப் படம். அன்று சப்பாத்தைப் பார்த்தவர்களின் பிள்ளைகள் அதன் முன்னால் வைன் குடித்தார்கள். அதே வாரம் கல்லறைக் கல்லில் ஒட்டுத்தாள்: தவணை முடிந்தது, அகற்றப்படும். கண்காட்சிப் பொறுப்பாளரிடம் சொன்னேன். "அது எங்கள் பிரிவு இல்லை" என்று சிரித்தார்.

சவக்காலை அலுவலகத்துக்கு நடந்தேன். "நீங்கள் உறவினரா?" என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.

இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு, ஆயிரத்து நானூற்று அறுபது யூரோ.