நல்லக்கண்ணுவின் எதிர்க்கத்தி

நல்லக்கண்ணு முடி இறக்கினால் தலை வெண்கலச் செம்பாக இருக்கும் என்று சங்கரன்கோவிலில் பேர். முடி போன போக்கில் ஒருமுறை வழித்துவிட்டு, பிடரியிலிருந்து மேல்நோக்கி எதிர்க்கத்தி போடுவார். தடவுகிறவர் கையில் ஒரு முள் குத்தாது.

ஐம்பத்தொன்றாம் வருசம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, கோவிலில் மொட்டை போடும் உரிமையை எடுத்திருந்த குத்தகைக்காரர் அவரைக் கூப்பிட்டுவிட்டார். நல்லக்கண்ணு வழித்த மூன்று தலைகள் சிவந்து கொப்புளித்திருந்தன.

“ஏலே, இன்னொரு தலை இப்படி வந்துச்சுன்னா ஒன் பலகையையும் துரைப்பாண்டிகிட்டக் குடுத்துருவேன்.”

பக்கத்துப் பலகைத் துரைப்பாண்டி அப்போது சிரித்தது நல்லக்கண்ணுவுக்குச் சரியாகப் படவில்லை. கத்தியில் எதையாவது தடவுகிறானோ? அன்றிலிருந்து கத்தியை மடியில் கட்டிக்கொண்டே சாப்பிடப் போனார். படிகாரத்தை நக்கிப் பார்த்தார். தண்ணீரை வீட்டிலிருந்து சுமந்தார். அப்படியும் ஆட்கள் தலை எரிகிறது என்றார்கள். சந்தேகப்பட மிச்சம் இருந்தது, மழித்த தலையில் பூசும் கடைச் சந்தனம்தான்.

“கத்தி மேல சந்தேகம், தண்ணி மேல சந்தேகம். ஒங்க கை மேல மட்டும் வராதாக்கும்?” என்றாள் மனைவி பேச்சி.

“இருவது வருசக் கைட்டி இது.”

சந்தனத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கத் தன் தலையையே மழித்துக்கொண்டார். இடப்பக்கம் எதிர்க்கத்திக்குக் கை வளையவில்லை. ஒரே வழிப்போடு விட்டு, அங்கே சந்தனம் பூசினார். இரண்டு முறை வழித்த வலப்பக்கத்தை வெறுமனே விட்டார்.

விடிந்தபோது சந்தனம் பூசிய பக்கம் குளிர்ந்து கிடந்தது. வலப்பக்கம் முழுக்கச் சிவந்த கொப்புளம். பேச்சி அங்கே தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தாள்.

தபசுக்கு வந்த பனவடலிசத்திரத்துச் சங்கரசுப்புவுக்கு வெந்நீரில் முடியை ஊறவைத்து, போன போக்கில் மட்டும் வழித்தார். அவர் தடவிப் பார்த்தார்.

“என்ன வே, குத்துதே. எதிர்க்கத்தி போடும்.”

“குத்துனா கையோட போவும், அண்ணாச்சி. அதைப் போட்டா தலை வெந்துரும்.”

சங்கரசுப்பு நம்பவில்லை. எழுந்துபோய்த் துரைப்பாண்டி பலகையில் உட்கார்ந்தார். அவன் சிரித்துக்கொண்டே, காய்ந்த தலையில் எதிர்க்கத்தி போட்டான்.

மறுநாள் குத்தகைக்காரர் கூப்பிட்டது துரைப்பாண்டியை. திரும்பி வந்தவன் கத்தியை மடியில் செருகிக்கொண்டு நல்லக்கண்ணுவை முறைத்தான்.

“எவனோ என் கத்தியில என்னத்தையோ தடவியிருக்கான்.”

நல்லக்கண்ணு எண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார். “சங்கரசுப்பு அண்ணாச்சி தலையில தடவு. எதிர்க்கத்தியை விட்டுரு.”

துரைப்பாண்டி கிண்ணத்தை எடுத்து, முதலில் மோந்து பார்த்தான்.